ஸ்டென்ட் வைத்தவர்கள் எம்ஆர்ஐ எடுக்கலாமா? படிப்படியான முழு வழிகாட்டி

இதயத்தில் ஸ்டென்ட், அதாவது ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு உலோக வலைக்குழாய், வைத்த ஒருவருக்கு முதுகுவலிக்கோ, முழங்காலுக்கோ, பக்கவாத சந்தேகத்துக்கோ எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தால் வீட்டில் முதலில் கிளம்பும் கேள்வி இதுதான்: "உள்ளே கம்பி இருக்கே, காந்தம் இழுத்துடாதா?"

இழுக்காது. இன்று புழக்கத்தில் இருக்கும் இதய ஸ்டென்ட்களோடு 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அலகு) இயந்திரங்களில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு எம்ஆர்ஐ எடுக்கலாம். அவசியம் என்றால் ஸ்டென்ட் வைத்த மறுநாளேகூட எடுக்கலாம். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

எம்ஆர்ஐ அறையில் நடக்கும் விபத்துகளுக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டென்ட் அல்ல. சொல்லாமல் விட்ட வேறொரு கருவியோ, கழற்ற மறந்த பொருளோ, யாரோ உள்ளே தூக்கிக்கொண்டு வந்த இரும்போதான். அதனால் இந்தக் கட்டுரையில் ஸ்டென்டுக்கு எவ்வளவு இடமோ, அதைச் சுற்றியுள்ள மற்ற விஷயங்களுக்கும் அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறேன்.

காந்தம் ஏன் ஸ்டென்டை இழுப்பதில்லை

1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு. கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் உலோகம் எல்லாமே காந்தத்தில் ஒட்டாது. சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் சிறு காந்தத்தை எவர்சில்வர் பாத்திரங்களில் வைத்துப் பாருங்கள். சிலவற்றில் ஒட்டும், சிலவற்றில் நழுவி விழும். எஃகில் போதிய நிக்கல் கலந்தால் அதன் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதமே மாறிவிடுகிறது, காந்த ஈர்ப்பும் போய்விடுகிறது. பழைய ஸ்டென்ட்களில் பயன்பட்ட 316எல் எஃகு இந்த ஒட்டாத வகையைச் சேர்ந்தது. 2003, 2004 வாக்கில் வந்த முதல் தலைமுறை மருந்து பூசிய ஸ்டென்ட்களான சைஃபர், டாக்சஸ் எல்லாம் அந்த எஃகுதான். இப்போது அதிகம் வைப்பது கோபால்ட்-குரோமியம் அல்லது பிளாட்டினம்-குரோமியம் கலவை. கால், கழுத்து ரத்தக்குழாய்களுக்குப் பெரும்பாலும் நிட்டினால், அதாவது நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த கலவை. இவை எதையும் காந்தம் பொருட்படுத்தும் அளவுக்கு இழுப்பதில்லை.

இழுப்பைத் தவிர இன்னொரு கவலை உண்டு: சூடாவது. எம்ஆர்ஐ இயந்திரம் உடலுக்குள் ரேடியோ அலைகளைச் செலுத்துகிறது. நீளமான உலோகம் இருந்தால் அது ஆன்டெனா போல அலையை வாங்கி நுனியில் சூடாகும். எந்த நீளம் மோசம் என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. உடலுக்குள் 1.5 டெஸ்லாவில் சுமார் 26 செ.மீ., 3 டெஸ்லாவில் சுமார் 13 செ.மீ. நீளமுள்ள கம்பிகள்தான் ஆபத்தான எல்லையில் வருகின்றன. பேஸ்மேக்கர் வயர் அந்த அளவை எட்டுவதால்தான் அதற்கு அத்தனை கெடுபிடி. இதய ஸ்டென்ட் ஒன்று பெரும்பாலும் சில மில்லிமீட்டரிலிருந்து 5 செ.மீ.க்குள் அடங்கிவிடும். அதோடு, அதன் வழியே ஓடும் ரத்தம் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி இரண்டு மூன்று ஸ்டென்ட் வைத்திருந்தால் மொத்த நீளம் கூடும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் மேற்பொருந்தும் ஸ்டென்ட்களுக்குத் தனியாக ஒரு நீள வரம்பு குறிப்பிடுகிறார்கள்.

அந்த "ஆறு வாரம்" எங்கிருந்து வந்தது

ஸ்டென்ட் வைத்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் எம்ஆர்ஐ என்று இன்றும் சில இடங்களில் சொல்கிறார்கள். குழாயின் உள்சுவர்த் திசு ஸ்டென்ட்மேல் வளர்ந்து மூடிக்கொண்டால் அது நகராது என்ற எண்ணத்தில் வந்த முன்னெச்சரிக்கை அது. காந்தமே இழுக்காத பொருளுக்கு அந்தப் பிடிமானம் தேவையில்லை. பலூனால் விரித்துச் சுவரில் அழுத்தி வைத்த ஸ்டென்ட் ஏற்கெனவே இறுக்கமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2007இல் வெளியிட்ட அறிக்கை, இதய ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 3 டெஸ்லா வரை எப்போது வேண்டுமானாலும் எம்ஆர்ஐ எடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இதயத்துக்கு வெளியே, லேசாகக் காந்தத்தன்மை உள்ள பழைய வகை ஸ்டென்ட் என்று தெரிந்தால் மட்டும், அவசரம் இல்லாதபோது சுமார் ஆறு வாரம் தள்ளுவதைப் பற்றி யோசிக்கலாம் என்பது அதே அறிக்கையின் நிலை.

மாரடைப்பு வந்த கையோடு எம்ஆர்ஐயை ஓரிரு நாள் தள்ளிவைத்தால் அதற்குக் காரணம் வேறு. நோயாளி அசையாமல் படுக்கும் நிலையில் இருக்க வேண்டும். தற்காலிக பேஸ்மேக்கர் வயர், பலவீனமான இதயத்துக்கு உதவ வைக்கும் பலூன் பம்ப் போன்றவை உடலில் இருக்கக் கூடாது.

படி 1: உங்களுக்கு வைத்தது எந்த ஸ்டென்ட்?

"ஸ்டென்ட் வச்சிருக்கு" என்று மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான். எங்கே வைத்தது என்பது முக்கியம்.

இதயத்தில் என்றால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். கல்லடைப்புக்குப் பிறகு சிறுநீர்க் குழாயில் வைக்கும் டிஜே ஸ்டென்ட் பெரும்பாலும் உலோகமே இல்லை, மெல்லிய பிளாஸ்டிக் குழாய். அதற்குப் பொதுவாகக் கவலை வேண்டாம். ஆனால் எளிதாக வெளியே எடுப்பதற்காக நுனியில் சின்னக் காந்தம் வைத்த டிஜே ஸ்டென்ட்களும் உண்டு. அந்த வகையாக இருந்தால் எடுத்த பிறகுதான் எம்ஆர்ஐ. முழுக்க உலோகத்தால் ஆன டிஜே ஸ்டென்ட்களும் இருக்கின்றன. சிறுநீரக மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

பித்தக்குழாய், உணவுக்குழாய், மூச்சுக்குழாய் ஸ்டென்ட்களில் பிளாஸ்டிக்கும் உண்டு, நிட்டினாலும் உண்டு, பழைய எஃகு வகைகளும் உண்டு. வயிற்றுப் பெருந்தமனியில் வைக்கும் ஸ்டென்ட் கிராஃப்ட் (துணி போர்த்திய ஸ்டென்ட்) நீளமானது, மாடலுக்கு மாடல் நிபந்தனை மாறும். மூளை ரத்தக்குழாயில் ஸ்டென்டோடு "காயில்" எனப்படும் மெல்லிய கம்பிச் சுருளும் வைத்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வகைகளில் ஊகத்துக்கு இடமில்லை, மாடல் பெயர் தெரிந்தே ஆக வேண்டும்.

படி 2: ஸ்டிக்கரைத் தேடுங்கள்

ஒவ்வொரு ஸ்டென்டும் ஒரு ஸ்டிக்கரோடு வருகிறது. நிறுவனத்தின் பெயர், மாடல், விட்டமும் நீளமும், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். ஆஞ்சியோபிளாஸ்டி (ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சை) முடிந்ததும், அது நடக்கும் அறையான கேத் லேபின் ஊழியர் அந்த ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார், இன்னொன்றை நோயாளியின் அட்டையிலோ டிஸ்சார்ஜ் சம்மரியிலோ ஒட்டித் தருவார். பல வீடுகளில் அந்த அட்டை மாத்திரைச் சீட்டுகளுக்கு நடுவில் எங்கோ கிடக்கும்.

கிடைக்கவில்லையா? மருத்துவமனை பில்லைப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது நினைவிருக்கலாம். சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய் என்று அப்போது நிர்ணயித்தார்கள். அதே ஆணையில், மருத்துவமனைகள் ஸ்டென்டின் விலையை பில்லில் தனியாகக் காட்ட வேண்டும், பிராண்டு பெயரும் தயாரிப்பாளர் பெயரும் பேட்ச் எண்ணும் போட வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. விலைக் கட்டுப்பாட்டுக்காக வந்த விதி எம்ஆர்ஐ எடுக்கும்போது இப்படிக் கைகொடுக்கிறது. அதற்குப் பிறகு ஆஞ்சியோபிளாஸ்டி செய்தவர்களுக்கு அட்டை தொலைந்தாலும் பில் உதவும்.

அதுவும் இல்லை என்றால் ஆஞ்சியோ செய்த மருத்துவமனையின் கேத் லேபுக்கோ மருத்துவ ஆவணப் பிரிவுக்கோ உங்கள் ஐபி (உள்நோயாளி) எண்ணையும் செய்த தேதியையும் கொடுத்துக் கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்திருந்தால் அதற்கு அனுப்பிய கோப்பின் நகல் அவர்களிடம் இருக்க வாய்ப்பு அதிகம். கிடைத்ததும் போனில் போட்டோ எடுத்து மகன், மகள் இருவருக்கும் அனுப்பி வையுங்கள். அவசரத்தில் உங்களால் பேச முடியாமல் போகலாம்.

படி 3: நிபந்தனையைப் படிப்பது

உள்பொருத்தும் கருவிகளுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. பச்சைச் சதுரம் "எம்ஆர் சேஃப்": எந்த நிலையிலும் சிக்கல் இல்லை. மஞ்சள் முக்கோணம் "எம்ஆர் கண்டிஷனல்": குறிப்பிட்ட நிபந்தனைகளுக்குள் எடுக்கலாம். குறுக்குக் கோடு போட்ட சிவப்பு வட்டம் "எம்ஆர் அன்சேஃப்": அறைக்குள்ளேயே வரக் கூடாது. உலோக ஸ்டென்ட் எதற்கும் பச்சை கிடைக்காது, மஞ்சள்தான் வரும். அட்டையில் மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்ததும் ஆபத்து என்று பதற வேண்டாம். ஸ்டென்டுக்கு அதுதான் நல்ல அடையாளம்.

நிபந்தனைகள் வழக்கமாக இப்படி இருக்கும்: காந்தத்தின் வலிமை 1.5 அல்லது 3 டெஸ்லா. ஒரு செ.மீ.க்கு எத்தனை காஸ் (இதுவும் காந்தப்புல அலகுதான்) வீதம் புலம் மாறலாம் என்ற உச்சவரம்பு. எஸ்ஏஆர், அதாவது உடல் வாங்கும் ரேடியோ ஆற்றல், கிலோவுக்கு 2 வாட்டுக்குள். தொடர்ச்சியாக ஸ்கேன் ஓடும் நேரம் பெரும்பாலும் 15 நிமிடம். 2 வாட் என்பதை இயந்திரத்தில் "நார்மல் மோடு" என்பார்கள். இந்தக் கணக்குகளைப் பார்ப்பது டெக்னீஷியனும், ஸ்கேன் மருத்துவரான ரேடியாலஜிஸ்டும். உங்கள் வேலை, ஸ்டென்டின் பெயரை முன்கூட்டியே அவர்களிடம் சேர்ப்பது. அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொல்லிவிடுங்கள். மேசையில் படுத்த பிறகு சொன்னால் எல்லோருக்கும் டென்ஷன்.

3 டெஸ்லாவைவிட 1.5 பாதுகாப்பானது என்று பொதுவாக நினைக்கிறார்கள். எப்போதும் அப்படியல்ல. ஒரு கருவி எந்தப் புலத்தில் சோதிக்கப்பட்டதோ அதில்தான் அதன் உத்தரவாதம். மேலே பார்த்த 13 செ.மீ., 26 செ.மீ. கணக்கை நினைத்துப் பாருங்கள்: ஒரு நீளத்துக்கு 3 டெஸ்லா மோசம், இன்னொரு நீளத்துக்கு 1.5 மோசம்.

ஒரு காகிதமும் கிடைக்கவில்லை என்றால்

ஸ்டென்ட் இதயத்தில்தான் இருக்கிறது, வேறு எதுவும் உடலில் இல்லை என்பது உறுதியானால், ரேடியாலஜிஸ்டும் இதய மருத்துவரும் பேசி முடிவெடுப்பார்கள். இதய ஸ்டென்ட்கள் எல்லாம் ஒரே மாதிரியான உலோகங்களில் வருவதால், எம்ஆர்ஐ அவசியம் என்னும்போது 1.5 டெஸ்லாவில், நார்மல் மோடில் எடுப்பது பல இடங்களில் வழக்கம். இந்த முடிவை டெக்னீஷியன் தலையில் கட்டாதீர்கள், அவர் மறுத்தால் அவர் சொல்வது நியாயம்தான். மருத்துவரின் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

"எதற்கு வம்பு, சிடி எடுத்துடலாம்" என்று சிலர் நழுவுவார்கள். சிடியில் கதிர்வீச்சு உண்டு, மருந்து செலுத்தி எடுத்தால் அதிலுள்ள அயோடின் சிறுநீரகத்துக்குச் சுமை. தண்டுவட நசுக்கலையோ, தொடக்க நிலைப் பக்கவாதத்தையோ எம்ஆர்ஐ காட்டுவதுபோல் சிடி காட்டாது. ஸ்டென்டுக்குப் பயந்து தேவையான எம்ஆர்ஐயைத் தவிர்ப்பதும் ஒரு ஆபத்துதான்.

படி 4: ஸ்டென்டைத் தவிர உடலில் என்ன இருக்கிறது?

ஸ்கேன் மையத்தில் ஒரு கேள்வித்தாள் தருவார்கள். பலர் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பேஸ்மேக்கர், ஐசிடி (இதயத்துடிப்பு தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவி): இதய நோயாளிகளிடம் ஸ்டென்டோடு இதுவும் இருப்பது சகஜம். எம்ஆர்ஐக்கு ஏற்ற மாடல்கள் இப்போது உண்டு. ஆனால் ஸ்கேனுக்கு முன் அதைத் தனி மோடுக்கு மாற்ற வேண்டும், முடிந்ததும் திரும்ப மாற்ற வேண்டும். சாதாரண ஸ்கேன் மையத்தில் நடக்காது.

பைபாஸ் செய்து நெஞ்செலும்பைக் கட்டிய கம்பி, செயற்கை வால்வு: பெரும்பாலும் சிக்கல் இல்லை, ஆனாலும் சொல்லுங்கள்.

மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்குப் போட்ட கிளிப்: மாடல் தெரியாமல் உள்ளே போகவே கூடாது. பழைய கிளிப் காந்தத்தில் நகர்ந்து உயிர் போன சம்பவங்கள் உண்டு.

எண்டோஸ்கோபியில் ரத்தக்கசிவை நிறுத்தப் போட்ட சிறு கிளிப்: இதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதால் வயிற்றில் கசிவு வந்து கிளிப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். சில மாடல்கள் எம்ஆர்ஐக்கு ஆகாது. காப்ஸ்யூல் கேமரா விழுங்கியிருந்தால் அது வெளியேறிவிட்டதா என்று உறுதி செய்ய வேண்டும்.

காக்ளியர் இம்பிளான்ட் (காதுக்குள் பொருத்தும் கேட்கும் கருவி), நரம்புத் தூண்டி, இன்சுலின் பம்ப், கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சார்: எல்லாமே சொல்ல வேண்டியவை. நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் ஒட்டுமருந்து, நிகோடின் ஒட்டுமருந்து சிலவற்றின் பின்பக்கம் மெல்லிய உலோகத் தகடு இருக்கும், தோல் சுட்டுவிடும்.

வெல்டிங், கிரைண்டிங், லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் கண்ணில் இரும்புத் தூள் பட்டு எடுத்ததுண்டா என்று யோசித்துச் சொல்லுங்கள். கண்ணுக்குள் தங்கிவிட்ட துகள் காந்தத்தில் நகர்ந்தால் பார்வையே போகலாம். சந்தேகம் இருந்தால் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். இலங்கையில் போர்க்காலத்தில் காயப்பட்டு ஷெல் துண்டோ சன்னமோ உடலில் தங்கிவிட்டவர்களுக்கும் இதே எச்சரிக்கை. எந்த உலோகம் என்று தெரியாத துண்டு, ஸ்டென்டைவிடப் பல மடங்கு கவலைக்குரியது.

படி 5: ஸ்கேன் நாள்

எல்லாவற்றுக்கும் முதலில்: ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், டிகாக்ரெலார் போன்ற மாத்திரைகளை எம்ஆர்ஐக்காக நிறுத்தாதீர்கள். எந்த அவசியமும் இல்லை. ஸ்டென்ட் வைத்த புதிதில் ஓரிரு வேளை விட்டாலும் உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ள இடம் உண்டு. எம்ஆர்ஐ செய்யாத கெடுதலை இந்தத் தவறு செய்துவிடும். பட்டினியும் பொதுவாகத் தேவையில்லை. வயிற்றுப் பகுதி ஸ்கேன், மயக்கமருந்து கொடுத்து எடுக்கும் ஸ்கேன் ஆகியவற்றுக்கு மட்டும் சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். சர்க்கரை நோயாளிகள் அதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

படம் தெளிவாகத் தெரிவதற்கான காடோலினியம் மருந்து செலுத்துவார்களா என்று கேளுங்கள். சிறுநீரகம் மோசமாக இருப்பவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள் சமீபத்திய கிரியாட்டினின் ரிப்போர்ட்டை எடுத்துப் போக வேண்டும்.

அப்புறம், உடைமாற்றம். நம் ஊரில் இதுதான் பெரிய வேலை. புடவையில், ரவிக்கையில், தாலிக்கொடியில் குத்தியிருக்கும் ஊக்கு பெரும்பாலும் இரும்பு, காந்தம் பறித்துக்கொள்ளும். ஜரிகை உலோக இழை, அதனால் மையத்தின் கவுனுக்கு மாறிவிடுவதே நல்லது. தங்கத் தாலியைக் காந்தம் இழுக்காது, ஆனால் கழுத்தைச் சுற்றிய உலோக வளையம் சூடாகலாம், கழுத்து ஸ்கேன் என்றால் படத்தையும் கெடுக்கும். கழற்ற மனம் வராதவர்கள் வீட்டிலேயே மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தால் அங்கே சங்கடப்பட வேண்டாம். மெட்டி, கொலுசு, வெள்ளி அரைஞாண், தாயத்து, கழற்றி மாட்டும் பல்செட், காது கேட்கும் கருவி எல்லாம் வெளியே. போன் கெடும், ஏடிஎம் கார்டு அழியும்.

கூட வருபவருக்கும் இதெல்லாம் பொருந்தும். காந்தம் ஸ்கேன் ஓடும்போது மட்டும் இயங்குவதில்லை. இரவு பகல் எந்நேரமும் ஆனிலேயே இருக்கிறது. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் நோயாளியோடு வந்த உறவினர் ஆக்ஸிஜன் சிலிண்டருடன் எம்ஆர்ஐ அறைக்குள் போய், காந்தம் சிலிண்டரை இழுத்ததில் இறந்துபோனார். ஊழியர் யாராவது "பரவாயில்லை, மிஷின் ஓடல, கொண்டு வாங்க" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். கூட வருபவருக்கே பேஸ்மேக்கர் இருந்தால் அவர் வெளியிலேயே உட்கார வேண்டும்.

உள்ளே படுத்த பிறகு

சத்தம் பலமாக இருக்கும், காதடைப்பான் கேட்டு வாங்குங்கள். கையில் ஒரு பந்து தருவார்கள், அழுத்தினால் நிறுத்திவிடுவார்கள். கைகளைக் கோத்துக்கொள்ளாதீர்கள், தொடையும் தொடையும் வெறும் தோலாக ஒட்டாமல் துணியோ பேடோ வைக்கச் சொல்லுங்கள். தோல் தொடும் இடத்தில் மின்சுற்று உண்டாகிச் சுடுவதுண்டு. ஸ்டென்டால் ஏற்படும் சூட்டை நீங்கள் உணர வாய்ப்பில்லை. உடலில் லேசான கதகதப்பு இயல்பு. ஒரே இடத்தில் சுள்ளென்று சுட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ தயங்காமல் பந்தை அழுத்துங்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம்தானே" என்று பல்லைக் கடிக்க வேண்டாம்.

ரிப்போர்ட் வாங்கும்போது

ஸ்டென்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதுகாப்பு மட்டுமல்ல, ரிப்போர்ட்டும் தவறாகும். உலோகம் இருக்கும் இடத்தில் எம்ஆர்ஐ படம் கறுத்துப்போகும். கழுத்திலோ காலிலோ ஸ்டென்ட் இருப்பது தெரியாமல் ரத்தக்குழாய் எம்ஆர்ஐ பார்ப்பவருக்கு அந்தக் கறுப்பு ஒரு அடைப்பு போலத் தெரியும். ரிப்போர்ட்டில் "கடும் அடைப்பு" என்று வந்தால், ஸ்டென்ட் உள்ள இடத்தைத்தான் சொல்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

இதய ஸ்டென்ட் மறுபடி அடைத்திருக்கிறதா என்று பார்க்கவும் எம்ஆர்ஐ உதவாது. அதே காரணம்தான், ஸ்டென்டின் உள்பக்கம் படத்தில் தெரியாது. அதற்கு ஆஞ்சியோதான், பெரிய ஸ்டென்ட் என்றால் சிடி ஆஞ்சியோ. ஆனால் மாரடைப்பில் இதயத் தசை எவ்வளவு வடுவாகிவிட்டது, எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதைக் கார்டியாக் எம்ஆர்ஐ நன்றாகவே காட்டும். ஸ்டென்டைச் சுற்றிய சிறு கறுப்பு அதற்குப் பெரிய தடையில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டென்ட் அட்டையின் பின்பக்கம் எந்தத் தேதியில், எத்தனை டெஸ்லாவில், உடலின் எந்தப் பகுதிக்கு எம்ஆர்ஐ எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை ஸ்கேன் மையத்தில் அந்த வரியைக் காட்டலாம். ஆனால் இடையில் புதிதாக ஒரு ஸ்டென்டோ, வேறு கருவியோ வைத்திருந்தால் படி 1இலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.